கப்பலடியில் பாசியும் கொட்டலசும்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

அண்ணா, சுறாத்தோல் மாதிரி வரி போட்ட பரப்பில் பாசி ஒட்டாது என்கிறார்களே, மருந்தே இல்லாமல் எப்படி?

எல்லாம் அளவுதான். புளோரிடா பல்கலைக்கழகப் பேராசிரியர் அந்தோனி பிரென்னன் அமெரிக்கக் கடற்படைக்காக இதை ஆராய்ந்துகொண்டிருந்தார். திமிங்கலத்தின் மேல் கொட்டலசு (ஓட்டோடு பரப்பில் ஒட்டி வாழும் சிறு கடலுயிர்) கூட்டமாக ஒட்டியிருக்க, சுறா மட்டும் எப்படிச் சுத்தமாக இருக்கிறது என்று 2002 வாக்கில் அதன் தோலை அச்செடுத்துப் பார்த்தார். அதிலிருந்து வந்ததுதான் ஷார்க்லெட். சிலிக்கோன் ரப்பரில் 2 மைக்ரோமீட்டர் (ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலம், 3 மைக்ரோமீட்டர் உயரத்தில் மேடுகள், நடுவே 2 மைக்ரோமீட்டர் இடைவெளி. உல்வா என்ற பச்சைப்பாசியின் வித்து சுமார் 5 மைக்ரோமீட்டர் இருக்கும், பள்ளத்துக்குள் இறங்க முடியாது, மேட்டின் மேல் உட்கார்ந்தாலோ அடிப்பக்கம் முழுதாகப் படியாது. ஆய்வகத்தில் வழவழப்பான சிலிக்கோனை விட இதில் வித்து ஒட்டுவது சுமார் 85 விழுக்காடு குறைந்தது.

அப்படியென்றால் கொட்டலசுக்கும் அதுவே போதுமா?

போதாது. கொட்டலசின் குஞ்சு அரை மில்லிமீட்டர் இருக்கும், அதற்கு இந்த வரியெல்லாம் பொருட்டே இல்லை. அது ஒட்டுவதைப் பார்க்க வேண்டும்: இரண்டு உணர்கொம்புகளால் பரப்பின் மேல் நடந்து, நின்று, தடவிப் பார்த்து, பிடிக்காவிட்டால் நீந்திப் போய்விடும், பிடித்தால் தலையை ஊன்றிப் பசையை விட்டு ஆயுளுக்கும் அங்கேயே இருந்துவிடும். 20 மைக்ரோமீட்டர் அகலம், 40 உயரம் என்று மேடுகளைப் பெரிதாக்கியபோதுதான் அது நன்றாக விலகியது. எல்லாவற்றுக்கும் ஒரே வரி என்று யாராவது விற்க வந்தால், எந்த உயிருக்கு என்று முதலில் கேளுங்கள்.

பழைய டிபிடி (TBT, டிரைபியூட்டைல்டின் என்ற நச்சு வெள்ளீயச் சேர்மம்) பெயின்ட் பிரமாதமாக வேலை செய்ததே சார், ஏன் தடை செய்தார்கள்?

வேலை செய்தது, உண்மை. ஆனால் பிரான்சின் அர்காஷோன் விரிகுடாவில் சிப்பிகளின் ஓடு தடித்து உருக்குலைந்து, சிப்பிக்குஞ்சுகள் ஒட்டி வளர்வதே நின்றுபோனது. கடல் நத்தைகளில் பெண்களுக்கு ஆண் உறுப்பு முளைத்தது. இவ்வளவு தெரிந்த பிறகும் உலகம் ஆற அமரத்தான் நகர்ந்தது, எனக்கு இன்னும் ஆறாத கோபம் அது. பிரான்ஸ் 1982இல் சிறு படகுகளுக்குத் தடை போட்டது, சர்வதேச ஒப்பந்தம் 2001இல் ஏற்கப்பட்டு 2008 செப்டம்பரில்தான் அமலுக்கு வந்தது.

என் படகு பாதி நாள் கட்டியே கிடக்கும். சிலிக்கோன் பூச்சு அடிக்கலாமா?

வேண்டாம். சிலிக்கோன் எதையும் கொல்லாது, பிடியைத் தளர்த்தி வைக்கும், அவ்வளவுதான். படகு வேகமாக ஓடும்போது தண்ணீர்தான் அடித்துக்கொண்டு போக வேண்டும். நாள் முழுக்க ஓடும் கப்பல்களுக்குச் சரி, அதிலும் டயட்டம் என்ற நுண்பாசியின் வழவழப்புப் படலம் அவ்வளவு சீக்கிரம் போகாது. அப்புறம், சிலிக்கோன் மெத்தென்று இருப்பதால் கயிறு உரசினாலே கிழியும். உங்களுக்குச் செம்பு கலந்த பெயின்ட்தான், கரைக்கு ஏற்றும்போதெல்லாம் கொட்டலசு சின்னதாக இருக்கையிலேயே சுரண்டிவிடுங்கள்.

ஷார்க்லெட்டைக் கப்பல் முழுக்க ஒட்ட முடியாதா?

ஆயிரக்கணக்கான சதுர மீட்டர் வளைந்த இரும்பில் அந்த நுண்வரியைச் சீராகப் பதிப்பதும், உரசலில் தேயாமல் காப்பதும் பெரும்பாடு. அதனால்தான் அது பெரும்பாலும் மருத்துவக் கருவிகள் பக்கம் போனது, அங்கே பரப்பும் சின்னது, விரட்ட வேண்டியது பாக்டீரியா.