பதில்: எக்ஸ்பல்ஸ்க்கு 17 இன்ச் வீல் போட்டாச்சு, சூப்பர்மோட்டோ எங்க கத்துக்கறது?

ப்ரோ, வண்டி ஓட்ட ஆரம்பிச்சே ஒரு வருஷந்தான் ஆகுது, ஹீரோ எக்ஸ்பல்ஸ் பைக்ல முன்னாடி 21, பின்னாடி 18 இன்ச் வீலைக் கழட்டி ரெண்டுலயும் 17 மாட்டியாச்சு, சூப்பர்மோட்டோ (மண் ரோட்டு பைக்ல தார் ரோட்டு வீல், டயர் மாட்டி நெருக்கமான வளைவுகள்ல ஓட்டறது) கத்துக்க கோயம்புத்தூர்ல இருந்து எங்க போறதுன்னு கேட்டிருக்கீங்க. சூப்பர்மோட்டோன்னு போர்டு வச்ச ஸ்கூலத் தேடி அலையாதீங்க. செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே ரேஸ் ட்ராக் பக்கத்துலயே இருக்கு, ட்ராக் நீளம் 2 கிலோமீட்டர் சொச்சம், உங்க 200சிசிக்கு அது தாராளம். சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை ட்ராக் 3.7 கிமீ, அங்க ஸ்ட்ரெய்ட்ல பெரிய வண்டிங்க விர்ருனு தாண்டிப் போறதுல பயந்தே பாதி செஷன் போயிடும், அது அப்புறம்.

முதல்ல சாதாரண ட்ராக் ஸ்கூல் ஒரு நாள் போங்க, லைன் (வளைவுல வண்டி போக வேண்டிய பாதை), பிரேக், கண்ணு எங்க பாக்கணும்னு அங்கதான் பிடிபடும். அடுத்து கோ-கார்ட் ட்ராக், வார நாள்ல கூட்டம் இல்லாத நேரமா பாத்து பைக் விடுவீங்களான்னு ஓனர்கிட்ட நேர்ல போய் கேளுங்க, போன்ல கேட்டா முடியாதுன்னு வச்சிடுவாங்க. சூப்பர்மோட்டோக்கு சரியான இடமே அந்த மாதிரி நெருக்கமான வளைவுங்கதான்.

அங்க போய் ரேஸ் பைக்காரங்க மாதிரி முட்டியத் தரையில உரசப் பாக்காதீங்க. வண்டிய மட்டும் கீழ அமுக்கணும், நீங்க நிமிர்ந்து உக்காரணும், வெளிப்பக்க முழங்கை மேல, உள்பக்கக் கால் முன் சக்கரத்தப் பாத்து நீண்டிருக்கணும், தரையில எடையப் போட்டீங்கன்னா கணுக்கால் போச்சு. பின்சக்கரத்த வழுக்கவிட்டு உள்ள நுழையறதெல்லாம் இப்போதைக்கு மறந்துடுங்க. காசு மிச்சம் இருந்தா எக்ஸாஸ்ட் வாங்காதீங்க, மோட்டோகிராஸ் பூட்ஸ் வாங்குங்க.

ஆமா, டயர் என்ன போட்டிருக்கீங்க?