சித்திரை வெயிலுக்கும் கறவை மாட்டின் வயிற்று நுண்ணுயிர்களுக்கும் என்ன தொடர்பு?

கோடையில் மாடு அசை போடுவது குறைந்து, பால் சங்கத்தில் பாலின் கொழுப்பு அளவும் இறங்கிவிட்டதே, இதற்கும் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நேரடித் தொடர்பு உண்டு. இரண்டு கலப்பின ஜெர்சி மாடுகளை வளர்க்கும் நான், கோடையில் பால் குறைந்ததும் வைக்கோலைக் குறைத்து, மக்காச்சோள மாவு போன்ற அடர்தீவனத்தைக் கூட்டி, நிலைமையை மேலும் கெடுத்திருக்கிறேன்.

வைக்கோலையும் புல்லையும் மாடு தானாகச் செரிப்பதில்லை. அதன் பெருவயிற்றில் வாழும் பாக்டீரியா, புரோட்டோசோவா, பூஞ்சை ஆகியவை அவற்றை நொதிக்கச் செய்து வெளியிடும் அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்ரிக் அமிலங்களே மாட்டின் ஆற்றல் தேவையில் ஏறத்தாழ 70 விழுக்காட்டை நிறைவு செய்கின்றன. இவற்றுள் அசிட்டிக் அமிலமே பால் கொழுப்புக்கு முதன்மையான மூலப்பொருள். இந்த அமிலங்கள் வயிற்றைப் புளிக்க வைத்துவிடாமல் காப்பது உமிழ்நீர். நன்றாக அசை போடும் பெரிய பசு ஒரு நாளில் 100 லிட்டருக்கும் மேல் உமிழ்நீர் சுரந்து, அதிலுள்ள, அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டால் வயிற்றின் பி.எச். அளவை (இது குறையக் குறையப் புளிப்பு கூடும்) 6-க்கு மேல் நிறுத்திக்கொள்கிறது.

வெயில் கெடுப்பது இந்த ஏற்பாட்டைத்தான். மாடு இரைக்க இரைக்க மூச்சு விடும்போது கரியமில வாயு மிகுதியாக வெளியேறுவதால், இரத்தத்தின் அமில-காரச் சமநிலையைக் காக்கச் சிறுநீரகம் பைகார்பனேட்டைச் சிறுநீரில் கழிக்கிறது. உமிழ்நீருக்குச் சேர வேண்டிய பங்கு குறைகிறது. சுரந்த எச்சிலிலும் ஒரு பகுதி வாயிலிருந்து ஒழுகி வீணாகிறது. பி.எச். 6-க்குக் கீழே இறங்கியதும் நாரைச் சிதைக்கும் ஃபைப்ரோபாக்டர், ரூமினோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் தளர்ந்து, பால் கொழுப்புக்கு வேண்டிய அசிட்டிக் அமிலமும் குறைந்துவிட, அந்த நேரத்தில் நாம் கூட்டிக் கொடுக்கும் மக்காச்சோள மாவு, லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் பாக்டீரியாக்களுக்கே விருந்தாகிறது. மாட்டுப் பொங்கலன்று சோற்றை அளவுக்கு மீறித் தின்ற மாடு வயிறு உப்பிப் படுத்துவிடுவதும் இதே கோளாறின் கடுமையான வடிவம்தான்.

ஆகவே அடர்தீவனத்தைக் கூட்டாதீர்கள். அதைச் சிறு பங்குகளாகப் பிரித்து, விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பின்னும் கொடுங்கள். வைக்கோலை இரவில் தாராளமாகப் போடுங்கள். நிழலும், எந்நேரமும் எட்டும் தொட்டியில் குளிர்ந்த நீரும் இருக்க வேண்டும். குறைந்துபோன பைகார்பனேட்டை ஈடுசெய்யத் தீவனத்தில் சோடா உப்பை (சோடியம் பைகார்பனேட்) எவ்வளவு கலக்கலாம் என்பதை மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நுண்ணுயிர்களின் சமநிலை ஓரிரு நாளில் மீளாது. எங்கள் மாட்டில் கொழுப்பு அளவு பழையபடி திரும்ப மூன்று வாரம் ஆயிற்று. இதற்கிடையில் சாணம் நுரைத்துத் தளர்ந்து, புளித்த வாடை வீசினால், காத்திராமல் கால்நடை மருத்துவரை வரவழையுங்கள்.