விசேட கல்வியும் உட்படுத்தல் கல்வியும் ஒன்றா?

ஒன்றல்ல. விசேட கல்வி என்பது மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைக்குத் தனிப் பாடசாலையிலோ தனி வகுப்பிலோ கற்பிப்பது. உட்படுத்தல் கல்வியில் ஊர்ப் பாடசாலையே அந்தப் பிள்ளைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. மலைச்சரிவை இடித்துச் சமன்செய்யாமல், அதன் போக்கை அனுசரித்து வடிகான் வெட்டித் தேயிலை நடுவதைப் போன்றது இது.

இலங்கையில் தனிப் பாடசாலை வழி பழையது: செவிப்புலனற்றோருக்கும் விழிப்புலனற்றோருக்குமாக மேரி சாப்மன் 1912இல் தொடங்கிய பாடசாலை இன்றும் கொழும்புக்கு அருகே இரத்மலானையில் இயங்குகிறது. ஆனால் மலையகத்தில் அட்டனிலோ பொகவந்தலாவையிலோ தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் வாழும் குடும்பத்துக்கு அவ்வளவு தொலைவிலுள்ள விடுதி, பிள்ளையைப் பிரிவதாகவே முடியும். அருகிலுள்ள தோட்டப் பாடசாலை அந்தப் பிள்ளையை ஏற்க வேண்டியதன் முதற்காரணம் எனக்கு இதுவே. சாதாரண பாடசாலைகள் எல்லாப் பிள்ளைகளையும் ஏற்க வேண்டுமென 1994இல் யுனெஸ்கோ மாநாடொன்றில் ஏற்கப்பட்ட சலமன்கா பிரகடனம் கூறியது. இயலாமையைக் காட்டி அனுமதியில் பாகுபாடு செய்வதை மாற்றுத்திறன் கொண்டோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் இலங்கையின் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது.

வகுப்பில் ஓர் இருக்கை கொடுத்தாலே உட்படுத்தல் ஆகிவிடும் என்று பலர் எண்ணுவது தவறு. சாய்வுப்பாதை, பிரெயில் நூல், பயிற்சி பெற்ற ஆசிரியர் ஆகிய உதவிகளும் சேர்ந்ததே அது.