மகளுக்கு எந்த ரைஃபிள் வாங்குவது?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. பத்து மாதமாக 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பயிற்சிக்குப் போகிறாள். சுடுவது கிளப் ரைஃபிளில். ரேஞ்சில் சொந்த ரைஃபிள் வைத்திருப்பவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். ஒருவர் ஃபைன்வெர்க்பாவ் 800தான் வாங்க வேண்டும் என்கிறார். இன்னொருவர் வால்தர் எல்ஜி 400 என்கிறார். மூன்றாமவருக்கு அன்ஷுட்ஸ் 9015ஐத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. கேட்கக் கேட்கக் குழப்பம்தான் கூடுகிறது. நகையை வைத்தாவது வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று நானும் மனைவியும் பேசிக்கொண்டிருக்கிறோம். எதை வாங்கலாம்?
– ஒரு தந்தை, திருப்பூர்

பதில்: அன்புள்ள திருப்பூர் வாசகருக்கு,

முதலில் அந்த நாலைந்து பேருக்காகவும் ஒரு வார்த்தை. அவர்கள் யாரும் உங்களைக் குழப்ப நினைக்கவில்லை. தன் கையில் பழகிய ரைஃபிளை ஒருவர் புகழ்வது, பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுவது போலத்தான். சொல்வது பொய்யும் இல்லை. ஃபைன்வெர்க்பாவ் வைத்திருப்பவர், குண்டு போகும்போது ரைஃபிள் துளிகூட அசையாது என்பார். வால்தர் வைத்திருப்பவர், தோளிலும் கன்னத்திலும் பதியும் உடல்பகுதியான அலுமினிய ஸ்டாக்கை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்பார். அன்ஷுட்ஸ்காரர் எடையை முன்னும் பின்னும் நகர்த்திக் காட்டுவார். ஸ்டெயர், பார்டினி வைத்திருப்பவர்கள் அங்கே இருந்திருந்தால் உங்கள் பட்டியல் இன்னும் நீண்டிருக்கும்.

ஆனால் மூன்றும் ஏறக்குறைய ஒரே மண்ணில் பிறந்தவை. வால்தரும் அன்ஷுட்ஸும் ஜெர்மனியில் ஒரே ஊர், ஊல்ம். ஃபைன்வெர்க்பாவ் ஓபர்ன்டார்ஃப்காரர்கள், மவுசர் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்த இரண்டு பொறியாளர்கள் தொடங்கியது. பல பத்தாண்டுகளாக ஒருவரை ஒருவர் பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொண்டே வந்திருக்கிறார்கள். மூன்றிலும் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்த சிலிண்டர், 4.5 மி.மீ. குழல், சில பத்து கிராம் அழுத்தத்துக்கே விடுபடும் ட்ரிக்கர். ரைஃபிளை இடுக்கியில் பூட்டி, பொருந்தும் பெல்லட்டை, அதாவது சிறு ஈயக் குண்டைப் போட்டுச் சுட்டால் பத்துக் குண்டும் கிட்டத்தட்ட ஒரே ஓட்டைக்குள் போகும். ஆக, எது துல்லியமாகச் சுடும் என்ற கேள்வியை இந்த மூன்றுக்கும் இடையே கேட்க வேண்டியதே இல்லை.

கேட்க வேண்டியது, எது உங்கள் மகளின் உடம்புக்குப் பொருந்தும் என்பதுதான்.

இலக்கில் நடுப்புள்ளியின் குறுக்களவு 0.5 மி.மீ. நடுவிலிருந்து 2.5 மி.மீ. விலகினால் முழுசாக ஒரு புள்ளி போய்விடும். போட்டியில் 75 நிமிடத்துக்குள் 60 குண்டு, அதுவும் நின்றபடியே. இடது முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றி, எலும்புகளின் மேல் ரைஃபிளைப் படுக்க வைத்தது போல நிற்க வேண்டும். தசையால் பிடித்தால் இருபதாவது குண்டிலேயே நடுக்கம் வந்துவிடும். ஸ்டாக் அரை அங்குலம் நீளமாக இருந்தாலும் பிள்ளை தன்னையறியாமல் கழுத்தை நீட்டும். கன்னம் பதிக்கும் சீக் பீஸ் தாழ்வாக இருந்தால் தலையைச் சாய்க்கும். அந்தத் தவறான நிலையே பழக்கமாகிவிட்டால் அதை மாற்றுவது பெரும்பாடு.

இது நான் பட்ட பாடு. பதினேழு வயதில், ரேஞ்சில் எல்லோரும் மெச்சிய ஒரு ரைஃபிளைப் பழையதாக வாங்கினேன். வாங்கிய வாரத்திலிருந்து புள்ளிகள் இறங்கின, தோள்பட்டை வலித்தது. மூன்று மாதம் என்னையே நொந்துகொண்டேன். அப்புறம் வெளியூரிலிருந்து வந்த மூத்த பயிற்சியாளர் ஒருவர் தோளில் அமரும் பட் பிளேட்டை ஒரு விரல்கடை கீழே இறக்கி, சீக் பீஸைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தார். அவ்வளவுதான். வலி போனது, புள்ளிகளும் திரும்பி வந்தன. அதே ரைஃபிள்தான்!

சரி, இப்போது செய்ய வேண்டியது. அந்த மூவரும் நல்லவர்கள் என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. பயிற்சியாளரை முன்னால் வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு நாள் தங்கள் ரைஃபிளை மகளிடம் தரச் சொல்லிக் கேளுங்கள். அளவுகளை அவளுக்கு ஏற்றபடி மாற்றிய பிறகு ஒரு சோதனை. கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் வைத்து, கன்னத்தைப் பதித்து, நிதானமாக இரண்டு மூச்சு விட்டபின் கண்ணைத் திறக்கட்டும். குழல் முனையில் உள்ள முன் வளையம் கண்ணருகே உள்ள பின் சைட்டின் நடுவில் தானாகவே தெரிய வேண்டும். தலையை நகர்த்தித் தேட வேண்டியிருந்தால் அந்த ஸ்டாக் அவளுக்கு இன்னும் அமையவில்லை. எந்த ரைஃபிளில் அவளால் சீக்கிரம் இந்த இடத்துக்கு வர முடிகிறது என்பதைக் குறித்து வையுங்கள்.

எடையையும் பாருங்கள். விதிப்படி 5.5 கிலோ வரை போகலாம். அதற்காக 14 வயதுப் பிள்ளை அவ்வளவையும் தூக்க வேண்டும் என்று இல்லை. இந்தக் கம்பெனிகளே நீளமும் எடையும் குறைந்த ஜூனியர் மாடல்களைச் செய்திருக்கிறார்கள். ஆனால் வளரும் பிள்ளைக்கு ஜூனியர் மாடல் எத்தனை நாள் வரும் என்பதையும் யோசிக்க வேண்டும். என் எண்ணத்தில், பெரிய மாடலையே ஸ்டாக்கை முழுக்கச் சுருக்கி, கூடுதல் எடைக்கட்டிகளைக் கழற்றிக் கொடுப்பது மேல். அவள் வளர வளர அதுவும் கூடவே நீளும். மரத்தைவிட அலுமினிய ஸ்டாக்கை நான் சொல்வது இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

நகை விஷயத்துக்கு வருகிறேன். தயவுசெய்து இப்போது வைக்காதீர்கள். பத்து மாதம் என்பது நிற்கக் கற்றுக்கொள்ளும் காலம். அவளுக்கென்று அளவெடுத்த ஜாக்கெட், பேன்ட், ஷூ இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள். இரவல் ஜாக்கெட்டோடு லட்சக்கணக்கில் ரைஃபிள் வாங்குவதில் பலன் இல்லை. அடுத்தது பெல்லட். ஒரே பெயரில் விற்றாலும் 4.49, 4.50 என்று தலையளவு மாறும், பேட்சுக்குப் பேட்ச் குணமும் மாறும். கிளப் ரைஃபிளுக்கு எது நல்ல குரூப் தருகிறது, அதாவது குண்டுகளை நெருக்கமாகப் போடுகிறது என்று பயிற்சியாளரிடம் சோதிக்கச் சொல்லி, அதே பேட்சில் பத்து டப்பா வாங்கி வையுங்கள். அந்தச் செலவுக்குப் பலன் இந்த மாதமே தெரியும்.

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றார். சென்னையில் பிறந்த ககன் நரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார். இருவரும் சுட்டது உங்கள் மகள் சுடும் இதே 10 மீட்டர் ஏர் ரைஃபிள். அவர்கள் வைத்திருந்த மாடலைத் தேடிப் போகாதீர்கள். அந்த ஸ்டாக்கின் ஒவ்வொரு திருகும் அவர்கள் உடம்புக்காக முடுக்கப்பட்டது.

ஓராண்டு கழித்துப் பழைய ரைஃபிள் ஏதாவது விலைக்கு வந்தால் மறுக்க வேண்டாம். ஆனால் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். பத்து ஆண்டு தாண்டியதைப் போட்டியில் விடமாட்டார்கள். புது சிலிண்டர் விலையைக் கழித்துப் பேசுங்கள். உங்கள் கிளப்பில் காற்று நிரப்பும் அடாப்டர் அதற்குப் பொருந்துமா என்றும் கேளுங்கள். லைசென்ஸ் பற்றிப் பயம் வேண்டாம். குழல் 4.5 மி.மீ.க்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர் ரைஃபிளுக்கு அது தேவையில்லை. இவை ஏழெட்டு ஜூல்தான்.

பணம் கொடுப்பதற்கு முன் அந்த ரைஃபிளில் அவள் 60 குண்டும் சுட்டு முடிக்கட்டும். எத்தனை புள்ளி என்று அன்றைக்குக் கேட்காதீர்கள். கழுத்து வலிக்கிறதா, இடுப்பு வலிக்கிறதா என்று கேளுங்கள்.