தெருவுக்கு வாடகை யார் கொடுப்பது?

கேள்வி: தியாகராய நகரில் முப்பது வருடமாக ஜவுளிக்கடை நடத்துகிறேன். காலங்காலமாக எங்கள் தெருவில் எல்லோரும் இலவசமாக வண்டி நிறுத்தி வந்தார்கள். பாண்டி பஜாரைத் தொடர்ந்து சுற்றியுள்ள தெருக்களிலும் பார்க்கிங் கட்டணம் வேண்டும் என்று பேசுகிறார்கள். வியாபாரம் படுத்துவிடும். இது பகல் கொள்ளை இல்லையா?
- ஒரு ஜவுளிக்கடைக்காரர், சென்னை-17

பதில்: காலங்காலமாக என்கிறீர்கள். எந்தக் காலம் ஐயா? நூறு வருடத்துக்கு முன்னால் நீங்கள் கடை வைத்திருக்கும் பக்கமெல்லாம் ஏரி. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்ததால் வெள்ளைக்காரர்கள் அதை ‘லாங் டேங்க்’ என்றார்கள். 1920-களில், நீதிக்கட்சி ஆட்சியில், ஏரியைத் தூர்த்து மனை போட்டார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று இன்றைக்கும் ஒரு தெரு இருக்கிறது. எந்த ஏரியைப் பார்த்து அந்தப் பெயர் வந்தது என்று அங்கே வளரும் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கு அது தீராத மனக்குறை.

பெயர்களைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது, சொல்லாமல் விட மனம் வரவில்லை. தியாகராயச் செட்டியார், பனகல் ராஜா, நடேச முதலியார், முகமது உஸ்மான் என்று நீதிக்கட்சிக்காரர்கள்தான் உங்கள் பேட்டை முழுக்க நிற்கிறார்கள். பாண்டி பஜாரின் முறையான பெயர் சௌந்தரபாண்டியனார் அங்காடி. அந்தச் சௌந்தரபாண்டியனார் இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்ட மக்களை ஏற்ற மறுக்கும் பஸ்களின் உரிமத்தைப் பறிப்போம் என்று உத்தரவு போட்டவர். பொதுவழியில் ஓடும் வண்டி எல்லாருக்கும் பொது என்று அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு செய்து காட்டியவர். அவர் பெயர் தாங்கிய கடைத்தெருவின் பக்கத்திலிருந்து, ‘எங்கள் தெரு’ என்ற உரிமையோடு ஒரு கடிதம் வரும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. வாசல் உங்களுடையது. அதற்கு முன்னால் இருக்கும் சாலை உங்களுடையது இல்லை.

ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் வேண்டும். சுமார் 135 சதுர அடி. பதினெட்டுக் கார் நின்றால் ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி, போய்விட்டது. தி.நகரில் ஒரு கிரவுண்டு என்ன விலை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதே தெருவில் பூக்காரம்மா நாலு சதுர அடியில் கூடையை வைத்தால் ‘நடைபாதை ஆக்கிரமிப்பு’ என்று விரட்டுகிறோம். பாண்டி பஜார் நடைபாதைக் கடைக்காரர்கள் நீதிமன்றம் வரை போய் அலைந்து, கடைசியில் ஒரு கட்டடத்துக்குள் அடைக்கப்பட்டார்கள். தெருவோர வியாபாரிகளைப் பாதுகாக்க 2014-இல் நாடாளுமன்றம் சட்டமே போட்டது. அதன்படியும் அவர்கள் சான்றிதழ் வாங்க வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும். பிழைப்புக்காக உட்காருகிறவர் காசு கட்டலாம், பொருள் வாங்கக் காரில் வருகிறவர் கட்டக் கூடாது என்றால் அது என்ன நியாயம்?

வியாபாரம் படுத்துவிடும் என்ற பயத்துக்கு வருகிறேன். இதே பயம் 1935-லேயே வந்திருக்கிறது. அமெரிக்காவில் ஓக்லஹோமா சிட்டி. அங்கே கடைவீதிக்கு வருகிறவர்களுக்கு வண்டி நிறுத்த இடமே கிடைக்கவில்லை. காரணம் என்னவென்று பார்த்தால், அந்த வட்டாரத்தில் வேலை செய்கிறவர்கள் காலையில் வந்து காரை நிறுத்தினால் சாயங்காலம்தான் எடுக்கிறார்கள். சாமான் வாங்க வந்தவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். இதற்கு வழி தேடும் பொறுப்பை ஊர் வர்த்தக சபை கார்ல் மகீ என்பவரிடம் கொடுத்தது. அவர் யார் தெரியுமா? பத்திரிகை ஆசிரியர். அதற்கு முன்னால் நியூ மெக்சிகோவில் பத்திரிகை நடத்தி, ஆல்பர்ட் ஃபால் என்ற பெரிய அரசியல் புள்ளியை எதிர்த்து எழுதியவர். அந்த ஃபால் மந்திரியாக இருந்தபோது லஞ்சம் வாங்கிக்கொண்டு அரசு எண்ணெய் வயல்களைக் குத்தகைக்கு விட்ட டீபாட் டோம் ஊழலில் பின்னாளில் சிறைக்குப் போனார். அமெரிக்க மந்திரிகளில் பதவிக்காலக் குற்றத்துக்காகச் சிறை சென்ற முதல் ஆள் அவர்தான். ஓர் ஆசிரியரின் பேனா அமைச்சரையும் தொட்டது, தெருவோரக் காரையும் தொட்டது. இந்தத் தொழிலில் இருப்பதற்காக நான் பெருமைப்படும் கதைகளில் இதுவும் ஒன்று.

மகீ சொன்ன வழி, காசு போட்டால் ஓடும் ஒரு கடிகாரம். அந்த மாநிலக் கல்லூரி ஒன்றின் பொறியியல் பேராசிரியரும் அங்கே படித்த பொறியாளர் ஒருவரும் செய்து கொடுத்தார்கள். 1935 ஜூலை 16-ஆம் தேதி உலகத்தின் முதல் பார்க்கிங் மீட்டர் அங்கே நடப்பட்டது. மணிக்கு ஐந்து சென்ட். சொந்தக் காரை நிறுத்தக் காசா என்று ஜனங்கள் கொதித்தார்கள், வழக்குப் போட்டார்கள். கடைக்காரர்களோ அதை விரும்ப ஆரம்பித்தார்கள். வந்த கார் வேலை முடிந்ததும் போனது, அடுத்த வாடிக்கையாளருக்கு இடம் கிடைத்தது.

இப்போது நான் உங்களைக் கேட்கிறேன். உங்கள் தெருவில் காலை பத்து மணிக்கு நின்று இரவு எட்டு மணி வரை அசையாத வண்டிகள் யாருடையவை? பெரும்பாலும் கடை முதலாளிகளுடையவை, மேலாளர்களுடையவை. மணிக்கு ஒருவர் என்று பத்து வாடிக்கையாளர் வந்து போகக்கூடிய இடத்தை ஒரே கார் தின்றுவிடுகிறது. தெருவில் ஓசி, தணிகாசலம் சாலையில் இருக்கும் பலமாடி நிறுத்தத்தில் காசு என்றால் யார் மாடிக்குப் போவார்கள்? தெருவையே மூன்று முறை சுற்றி வருவார்கள், அந்தப் புகையை உங்கள் கடைப் பெண்கள் சுவாசிப்பார்கள்.

ரங்கநாதன் தெருவைப் பாருங்கள். கார் நிறுத்துவது இருக்கட்டும், நுழையவே முடியாது. அங்கே வியாபாரம் படுத்துவிட்டதா? ரயிலில் மாம்பலத்தில் இறங்கியும் பஸ்ஸில் வந்தும் நடக்கிற கூட்டம்தான் தி.நகரை வாழவைக்கிறது. ரயில் நிலையத்தையும் பஸ் நிலையத்தையும் இணைத்து 2023-இல் ஆகாய நடைபாலம் திறந்ததும் அந்தக் கூட்டத்துக்காகத்தான்.

‘கொள்ளை’ என்ற உங்கள் கோபத்தில் ஒரு பாதியை நான் ஏற்கிறேன். ரசீது இல்லாமல், சட்டைப் பையிலிருந்து கசங்கிய சீட்டை எடுத்துக் காட்டி, வாய்க்கு வந்த தொகையைக் கேட்கிற வசூல் இந்த மாநிலத்தில் கோயில் வாசல், கடற்கரை, சந்தை என்று எங்கும் நடக்கிறது. அதை எதிர்த்து இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன். இயந்திரத்தில் ரசீது வர வேண்டும், கட்டணப் பலகை தமிழில் பெரிதாக இருக்க வேண்டும்.

அதைவிட முக்கியம், வாங்கிய பணம் எங்கே போகிறது என்பது. கலிபோர்னியாவில் பாசடீனா நகரத்தின் பழைய கடைவீதியிலும் மீட்டர் வேண்டாம் என்று கடைக்காரர்கள் உங்களைப் போலவே எதிர்த்தார்கள். வசூலாகும் பணம் முழுவதையும் இதே வீதிக்குச் செலவழிக்கிறோம் என்று நகராட்சி வாக்குக் கொடுத்தது. 1993-இல் அவர்களே சம்மதித்தார்கள். அந்தக் காசில் நடைபாதை சரியானது, மரம் வந்தது, விளக்கு வந்தது, பாழடைந்து கிடந்த இடத்துக்குக் கூட்டம் திரும்ப வந்தது. சென்னையில் நீங்கள் கேட்க வேண்டியது இதைத்தான்: இந்தத் தெருவில் போன மாதம் இவ்வளவு வசூல், இவ்வளவு செலவு என்று தெருமுனையிலேயே பலகை வையுங்கள் என்று சங்கம் கூடித் தீர்மானம் போடுங்கள். நான் அதை முதல் பக்கத்தில் வெளியிடுகிறேன்.

முதல் செலவு பெண்களுக்கான கழிப்பறையாக இருக்கட்டும். தி.நகரில் துணி எடுக்க வரும் பெண்கள் மணிக்கணக்கில் படும் அவஸ்தை நமக்கெல்லாம் தெரியும், பேசுவதில்லை.

ஜவுளிக்கடை என்று எழுதியிருப்பதால் இன்னொன்றும் கேட்கிறேன். விற்பனைத் தொழிலாளர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு அரசு சட்டத்தைத் திருத்தியது. கேரளம் அதற்கு மூன்று வருடம் முன்பே செய்துவிட்டது. உங்கள் கார் நாள் முழுக்க நிழலில் நிற்க இடம் கேட்கிறீர்கள். உங்கள் கடையில் புடவை விரித்துக் காட்டும் பெண்களுக்கு ஸ்டூல் போட்டாயிற்றா? அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள்.