டைவர் தேர்வில் மனச் சோதனை: எதைப் பார்ப்பார்கள்?

கேள்வி: என் மகன் கடற்படையில் டைவராக ஆசைப்படுகிறான். எங்கள் கிணற்றில் தனியாக மூழ்கி மூச்சடக்கிப் பழகுகிறான். ஆனால் லிப்ட் கதவு மூடினால் வியர்த்துவிடுகிறது. மனச் சோதனையில் கழித்துவிடுவார்களா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: முதலில் அந்தக் கிணற்றுப் பழக்கத்தை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டு மூழ்கினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிடும். மூச்சு முட்டுவது தெரியுமுன்பே ஆக்சிஜன் தீர்ந்து மயக்கம் வந்துவிடும். தவிர, சிலிண்டர் காற்றில் மூழ்குபவர் மூச்சை அடக்கவே கூடாது. 10 மீட்டர் ஆழத்தில் இழுத்த காற்று மேலே வருவதற்குள் இரண்டு மடங்காக விரியும். அடக்கினால் நுரையீரல் கிழியும். பதறியவர் செய்வது இதைத்தான்: வாயிலிருக்கும் காற்றுக் குழாயைப் பிடுங்கிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்வது.

ஆகவே பயமே இல்லாதவரை யாரும் தேடுவதில்லை. அப்படிச் சொல்பவர்மேல்தான் சந்தேகம் வரும். பயம் வந்தபின் கை என்ன செய்கிறது என்பதே கேள்வி. ஒருவரின் சுபாவத்திலேயே உள்ள பதற்றத்தை அளக்க 20 கேள்விகள் கொண்ட வினாத்தாள் ஒன்று உலகெங்கும் புழக்கத்தில் உண்டு. மதிப்பெண் 20 முதல் 80 வரை. ஸ்கூபா (சிலிண்டர் காற்றில் மூழ்குவது) புதிதாகக் கற்றவர்களிடம் நடந்த ஆய்வில், 39-க்கு மேல் வாங்கியவர்களே அதிகம் பதறினார்கள். ஆனாலும் தாளை மட்டும் நம்ப முடியாது. முகமூடிக்குள் நீர் புகவிட்டு, கண் தெரியாமல் வேலை செய்யவைத்து, ஆழத்திலுள்ள அழுத்தத்தை உண்டாக்கும் அறைக்குள் அடைத்துப் பார்த்தால்தான் ஆள் தெரியும்.

நாள்கணக்கில் ஆழத்தில் தங்கும் பணி இன்னும் கடினம். 100 மீட்டர் ஆழத்துக்குரிய அழுத்தத்தில் இருப்பவர், அதை மெல்லக் குறைத்து வெளியே வர ஏறத்தாழ நான்கு நாளாகும். வேண்டாமென்று கதவைத் திறக்க முடியாது. அங்கே சுவாசிக்கும் ஹீலியம் கலந்த காற்றில் குரல் கீச்சிடும், பேச்சு புரியாது, உடல் சீக்கிரம் குளிரும். 1965-ல் அமெரிக்கக் கடற்படையின் கடலடி வீடான சீலேப் 2-ல் குழுக்கள் 62 மீட்டர் ஆழத்தில் 15 நாள் வீதம் தங்கின. அங்கே பலசாலியைவிட, குறட்டைக்கும் சாப்பாட்டுக்கும் சண்டை போடாதவரே மேல்.

லிப்ட் விஷயம்: வியர்த்தாலும் ஏறிவிடுகிறாரா, படிக்கட்டைத் தேடுகிறாரா? முன்னது பெரிய சிக்கல் இல்லை. பின்னதென்றால் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். ஒரு மாடி, பிறகு இரண்டு என்று, பதற்றம் தணியும்வரை உள்ளேயே நின்று பழகும் சிகிச்சை நன்றாகப் பலன் தரும். தேர்வன்று தூக்க மாத்திரை வேண்டாம். மருத்துவரிடம் மறைக்கவும் வேண்டாம். மறைத்தது தண்ணீருக்குள் வெளிப்பட்டால் உடன் மூழ்குபவருக்கும் ஆபத்து.

மாலுமியாகச் சேர்ந்து, பிறகு விருப்பம் தெரிவித்து, கொச்சியிலுள்ள கடற்படை டைவிங் பள்ளிக்குப் போவது வழக்கமான வழி. 15 விநாடிக்கு ஒரு சொல் என்று 60 சொற்களுக்கு மனதில் தோன்றியதை எழுதும் மனத் தேர்வு அதிகாரிப் பணிக்கானது. மாலுமி வேலைக்கு அதற்கெனக் கோச்சிங்கில் பணம் கட்ட வேண்டியதில்லை.