காரின் முன் ஷாக் அப்சார்பரை வீட்டிலேயே மாற்றலாமா? கேள்வி பதில்

செங்கோட்டை: அண்ணாச்சி, புளியரை இறக்கத்தில் பிரேக் பிடித்தால் வேகன்ஆர் மூக்கைக் குத்துகிறது. ஷாக் போய்விட்டதா?

பானெட் ஓரத்தை அழுத்தி விடுங்கள். ஒருமுறை எழும்பி நின்றால் சரி. மூன்று நான்கு தடவை ஆடினால் போய்விட்டது. ஷாக் உடம்பில் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தாலும் அதேதான். மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள்.

தென்காசி: கழற்றும் முறையைச் சொல்லுங்கள் அண்ணாச்சி.

சமதரையில் முன்பக்கம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி உள்ளே தலையை விடாதீர்கள். ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்தான் ஸ்ட்ரட். பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர், லிங்க் ராடு (வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியின் இணைப்பு) ஆகியவை அதில் மாட்டியிருந்தால் முதலில் விடுவியுங்கள். அப்புறம் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளை ஸ்ட்ரட்டோடு பிடிக்கும் இரண்டு பெரிய போல்ட்டு. அவற்றை உருவியதும் நக்கிள் வெளியே சாயும். கம்பியால் கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் ஹோஸ் இழுபடும், ஆக்ஸில் ஜாயிண்டும் கழன்றுவிடலாம். மேலே ஸ்ட்ரட்டை வண்டி உடம்போடு பிடிக்கும் மவுண்ட் நட்டைக் கழற்றினால் ஸ்ட்ரட் கைக்கு வரும்.

இனி ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் பிரிப்பதுதான் ஆபத்து. ஸ்பிரிங்கின் எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு கம்ப்ரஸர் (ஸ்பிரிங்கை அமுக்கும் கருவி) மாட்டி, மாற்றி மாற்றி முறுக்குங்கள். ஸ்பிரிங் இருக்கையை விட்டுத் தளர்ந்து கையால் சுழன்ற பிறகே ஸ்பிரிங்கை அமுக்கி வைத்திருக்கும் நடு நட்டில் ஸ்பானர் வைக்க வேண்டும். நான் வேலை பழகிய ஷெட்டில் ஒருவர் அவசரப்பட்டுத் திறந்தார். ஸ்பிரிங் தகரக் கூரையில் போய் இடித்தது. அவர் முகம் தப்பியது ஒரு சாண் தூரத்தில்.

புது ஷாக் ராடைக் குறடால் பிடிக்காதீர்கள். ஒரு கீறல் போதும், ஆயில் சீல் கிழிந்துவிடும். பூட்டிய பிறகு வீல் அலைன்மெண்ட் கட்டாயம் பாருங்கள்.

ஆரியங்காவு: தென்காசிச் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றுகிறேன். ஸ்பிரிங்குக்கு நடுவில் ரப்பர் பஃபர் வைத்தால் ஷாக் மாற்ற வேண்டாம் என்கிறார்களே?

வேண்டாம் அண்ணே. எடையைத் தாங்குவது ஸ்பிரிங், ஆட்டத்தை அடக்குவது ஷாக். பஃபர் ஸ்பிரிங்கை விறைப்பாக்கும், செத்த ஷாக்கை எழுப்பாது.

புனலூர்: நான் பஃபர் போட்டு இரண்டு வருஷம் ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லையே!

வண்டி உயரமாக நிற்பதால் நன்றாக இருப்பதுபோல் தெரிகிறது அண்ணே. விறைத்த ஸ்பிரிங் இன்னும் வேகமாக உதைக்கும், அதை அடக்க ஷாக்குக்கு இன்னும் பலம் வேண்டும். மலை வளைவில் ஒரு குழியில் விழுந்து டயர் தரையை விட்டு எழும்பினால், அந்த நொடி ஸ்டியரிங்கும் பிரேக்கும் உங்கள் கையில் இல்லை. எதிரே ஜல்லி ஏற்றிய டாரஸ் லாரி வரும் பாதை அது. டயரைக் கையால் தடவிப் பாருங்கள், மேடும் பள்ளமுமாக இருந்தால் உடனே ஷாக்கை மாற்றுங்கள்.

கடையநல்லூர்: கம்ப்ரஸர் இல்லை, கயிற்றால் கட்டிக் கழற்றலாமா?

கூடாது. இன்றைக்கு இதையே கேட்கும் மூன்றாவது ஆள் நீங்கள். வாடகைக்கு வாங்குங்கள், இல்லையென்றால் ஸ்ட்ரட்டை மட்டும் கழற்றி ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

சுரண்டை: ஏசி குளிரவில்லை.

ஏசி மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

புளியரை: புது ஷாக் போட்டும் குழியில் கட்கட் சத்தம்.

லிங்க் ராடையும் ஸ்ட்ரட் மவுண்ட்டையும் பாருங்கள். பழைய மவுண்ட்டையே திரும்பப் போட்டிருப்பார்கள்.